போதும் என்று சொன்னது யார்?

பாறையடி மடத்தில் காலைத் தியானம் ஏப்பத்தில்தான் முடியும். மணி அடித்து முடித்து வைக்க ஓர் ஆள் இருந்தார். ஆனால் அவர் மணியை எடுப்பதற்குள் மாசிலாமணியின் ஏப்பம் வந்துவிடும்.

அது சாதாரண ஏப்பம் இல்லை. அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சில் கொஞ்ச நேரம் நின்று யோசித்து, பிறகு புளிப்போடு வெளியே வரும். கண்மூடி உட்கார்ந்திருப்பவர்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். மாசிலாமணி உடனே பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்.

அவர் போக்குவரத்துப் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாலுமுக்குச் சந்திப்பின் நடுவே குடைக்குக் கீழே நின்று, கையைக் காட்டிக் காட்டியே தலை நரைத்தவர். மடத்தில் எல்லோரும் அவரை ஏட்டையா என்றே கூப்பிட்டார்கள். வயதில் அவரைவிட இளையவரான பாறையடி சாமியும் அப்படித்தான் கூப்பிட்டார்.

ஏட்டையாவின் கழுத்தில் ருத்திராட்சம் இருந்தது. அதே கயிற்றில் அவருடைய பழைய விசிலும் தொங்கியது.

"இது எதுக்கு?" என்று வந்த அன்றே சாமி கேட்டார்.

"ஒரு பாதுகாப்புக்கு சாமி."

யாருக்குப் பாதுகாப்பு என்று சாமி கேட்கவில்லை.

மடத்துக்கு வருவதற்கு முன்னால் ஏட்டையா கொஞ்ச காலம் வீட்டில்தான் இருந்தார். சந்திப்பு கையைவிட்டுப் போய்விட்டதால் சமையலறையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்றுகொண்டு, "தீயைக் குறை. உப்பை நிப்பாட்டு. அந்தக் குழம்பை முதல்ல போக விடு" என்று மனைவி செண்பகவல்லிக்குக் கை காட்டினார். எனவே மடத்தில் போய்த் தங்கட்டுமா என்று அவர் கேட்டபோது அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை.

"ஒரு வருசம் இருந்து பாருங்க. சாமி தீட்சை குடுத்தா அங்கயே இருங்க. குடுக்கலன்னா குருபூசைக்கு நான் வாரேன். சேர்ந்து வீட்டுக்குப் போவோம்."

இவ்வளவு சீக்கிரம் அனுமதி கிடைத்ததில் ஏட்டையாவுக்கு வருத்தம். சந்திப்புக்கும் தன் கை வேண்டாம், அடுப்படிக்கும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. எங்கேயாவது ஓர் இடத்துக்கு, தான் இல்லாமல் முடியாது என்று இருக்கவேண்டும். அவர் மடத்தைத் தேடி வந்தது அதற்காகத்தான். ஞானம் என்று அவர் சொன்னதெல்லாம் கௌரவத்துக்காக.

வந்ததும் வராததுமாக அவர் சாமியிடம் கேட்டார்.

"மனசை நிப்பாட்ட வழி சொல்லுங்க சாமி."

"மனசு இருக்கட்டும். உங்க வயிறு எப்படி இருக்கு?"

"எரியுது சாமி. சாப்பிட்டாலும் எரியுது, சாப்பிடாட்டியும் எரியுது."

சாமி அவர் வயிற்றையே பார்த்தார். பிறகு சொன்னார்.

"சோறு உள்ள போனதும் வயித்துல புளிப்பு ஊறுது. செரிச்சு முடிஞ்சதும் அடங்குது. போதும், நிப்பாட்டுன்னு அதுக்குச் சொல்லுறது யாரு? கண்டுபிடிச்சுட்டு வாங்க. தீட்சை குடுக்கேன்."

"எனக்குத்தான் அடங்கவே மாட்டேங்குதே சாமி."

"அடங்குறவங்களுக்கு யாரு சொல்லுதாங்கன்னு பாருங்க."

ஏட்டையாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆளைக் கண்டுபிடிப்பது அவருக்குப் பழக்கமான வேலை. நம்பர் பிளேட் இல்லாத லாரியையே கண்டுபிடித்திருக்கிறார்.

மறுநாளே விடையோடு வந்தார்.

"நாக்கு சாமி. போதும்னு சொல்லுறது நாக்குதான்."

சாமி ஒரு துண்டு அல்வாவை எடுத்துக் கொடுத்தார். ஏட்டையா சாப்பிட்டார். இன்னொரு துண்டு கொடுத்தார். அதையும் சாப்பிட்டார். மூன்றாவது துண்டுக்கு ஏட்டையாவின் கை தானாகவே நீண்டது.

"நாக்கு ஏதாவது சொல்லிச்சா?" என்றார் சாமி.

ஏட்டையா அல்வாவோடு திரும்பிப் போனார்.

அடுத்த தடவை, "மூளை சாமி" என்றார்.

"சாப்பிட்டதும் தூங்கிருதீங்களே. அப்ப மூளை வேலை பாக்குதா?"

"பாக்கும் சாமி. நைட் டூட்டி."

"அந்த டூட்டியை நீங்களா போட்டீங்க?"

"நான் போடல."

"பின்ன யாரு போட்டா?"

ஏட்டையா யோசித்துக்கொண்டே போனார்.

ஒரு நாள் மிகுந்த நம்பிக்கையோடு வந்து, "என் வீட்டுக்காரி சாமி" என்றார். சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடிக்க நேரமானது.

"அது வீட்டுல சரி. இங்க யாரு?"

இப்படியே மாதங்கள் ஓடின. விடை வரவில்லை. ஏப்பம் மட்டும் தவறாமல் வந்தது. ஏட்டையா வேட்டி மடிப்பில் ரோஸ் நிற மருந்துப் பாட்டில் ஒன்றைச் செருகி வைத்திருந்தார். நெஞ்சில் லேசாகக் கரித்தால் போதும், மூடியில் ஊற்றி ஒரு மடக்கு. கரிக்காவிட்டால், கரித்துவிடக் கூடாதே என்று ஒரு மடக்கு. இதற்கு நடுவில் மடத்து அடுப்படிக்கும் போய் நின்றுகொள்வார். விடிந்ததிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை பெருங்காயம், தாளிப்பு, வடை எண்ணெய் எல்லாவற்றையும் முகர்ந்துகொண்டு, "அந்தப் பருப்பை ஓரங்கட்டு" என்று கை காட்டுவார். சமையல்காரர் ஆவுடையப்பன் அதிகம் பேசாதவர். ஏட்டையா கை காட்டுகிற பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

குருபூசை நெருங்கியது. ஏட்டையா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். புண் ஒன்றும் இல்லையாம். கையோடு சாமியின் கேள்வியையும் அங்கிருந்த டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டார். அந்த அம்மாள் பொறுமைசாலி. உட்கார வைத்து விளக்கியிருக்கிறார். ஏட்டையா அதை அப்படியே சாமியிடம் வந்து ஒப்பித்தார்.

"சாப்பாட்டை நினைச்சாலே புளிப்பு ஊற ஆரம்பிச்சிருமாம் சாமி. வாசனை பிடிச்சா இன்னும் கொஞ்சம். சோறு உள்ள விழுந்து வயிறு விரிஞ்சதும் நல்லா ஊறுமாம். சோறு இருக்குற வரைக்கும் அது புளிப்பை இழுத்துக்கிடும். அதனால மேல மேல ஊறிக்கிட்டே இருக்கும். சோறு கரைஞ்சு குடலுக்கு இறங்கிட்டா, இழுக்க ஆள் இல்லாம புளிப்பு அங்கேயே நிக்கும். அப்படி நின்னதும் ஊறுறது தன்னால அடங்கிருமாம். கீழ குடலும், கொஞ்சம் மெதுவா அனுப்புங்கன்னு தகவல் குடுக்குமாம்."

"அப்ப போதும்னு சொல்லுறது யாரு?"

"அந்தப் புளிப்பேதானாம். புளிப்பு நிக்குறதைப் பாத்துத்தான் புளிப்பு நிக்குதாம்." ஏட்டையாவின் மீசை துடித்தது. "இது என்ன கதை சாமி? கூட்டமா வந்த வண்டி எல்லாம், கூட்டமா இருக்கேன்னு தன்னால நிக்குமா? நடுவுல ஒரு ஆள் வேண்டாமா? இதுக்கு யாரு பொறுப்புன்னு கேட்டேன். யாரும் இல்லைங்காங்க. பொறுப்புக்கு ஆள் இல்லாம ஒரு டிபார்ட்மெண்டா?"

"மருந்தைப் பத்தி என்ன சொன்னாங்க?"

ஏட்டையாவின் சுருதி குறைந்தது. "தேவைப்பட்டா மட்டும் குடிக்கணுமாம். புளிப்பை அப்பப்ப அழிச்சுக்கிட்டே இருந்தா, பத்தலையோன்னு அது இன்னும் ஊறினாலும் ஊறுமாம். சில பேருக்கு."

"உங்களுக்கு?"

"நான் கேக்கல."

சாமி தலையை ஆட்டினார். "டாக்டரம்மா சொன்னது சரியான விடை."

ஏட்டையாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "அப்ப தீட்சை?"

"அந்த அம்மா வந்தா குடுத்திருவோம். நீங்க என்ன சொல்லுதீங்க?"

"நான் இதை ஒத்துக்க மாட்டேன் சாமி."

"அப்ப தேடுங்க."

குருபூசை நாளும் வந்துவிட்டது. சொன்னபடி செண்பகவல்லியும் வந்து இறங்கினார். கையில் ஒரு காலிப் பை இருந்தது. கணவரின் துணிகளை மடித்து எடுத்துப் போக.

"ஞானம் வந்துச்சா?" என்றார்.

"வந்துக்கிட்டு இருக்கு."

"வர்றதுக்குள்ள சாப்பிட்டுப் புறப்பட்டிருவோம். நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு."

ஏட்டையா ஒரு மடக்கு மருந்து குடித்துவிட்டு நேராக சாமியிடம் போனார். அவருக்கு ஒரு யோசனை இருந்தது. விடை தெரியாவிட்டால் என்ன. தான் இல்லாமல் மடம் நடக்காது என்று காட்டிவிட்டால் சாமியே விடமாட்டார் அல்லவா?

"சாமி, இன்னைக்குப் பந்தி விசாரணையை எங்கிட்ட விடுங்க."

பந்தி விசாரணை என்றால் பெரிய வேலை. எந்த வரிசைக்கு எது வரவில்லை, யாருக்கு எது வேண்டும் என்று பார்த்துக்கொண்டே நடப்பவர்தான் பந்தி விசாரிப்பவர். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு. பாறையடி மடத்தில் மட்டும் கிடையாது. இங்கே குருபூசைப் பந்தியில் ஒருவரும் வாய் பேசக் கூடாது. போடு என்றும் போதும் என்றும் கை காட்டவும் கூடாது. பரிமாறுகிறவர் இலையைப் பார்ப்பார். சோறு காய்ந்திருந்தால் ரசம் ஊற்றுவார். ரசம் தேங்கி நின்றால் அடுத்த இலைக்குப் போய்விடுவார். அடுப்படியில் இருப்பவர்கள் எச்சில் இலை வெளியே போவதைப் பார்த்துத்தான் அடுத்த உலையை வைப்பார்கள். எத்தனையோ காலமாக அப்படித்தான் நடக்கிறது. ஒரு தடவையும் சோறு பற்றாமல் போனதில்லை, மீந்து கொட்டியதும் இல்லை.

சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி. பாருங்க" என்றார்.

பந்தி உட்கார்ந்தது. ஆண்கள் ஒரு வரிசை, எதிரே பெண்கள் ஒரு வரிசை. செண்பகவல்லி பெண்கள் வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஏட்டையா இரண்டு வரிசைக்கும் நடுவில் போய், காலை அகற்றி நின்றார். அவர் முகத்தில் நெடுநாளாகக் காணாத ஒரு களை வந்தது.

இடது கையை நீட்டினார். சாம்பார் வாளி நின்றது. வலது கையை வீசினார். வடைத் தட்டு புறப்பட்டது. பரிமாறுகிறவர்களில் பாதிப் பேர் நாலுமுக்கில் அவரிடம் அபராதம் கட்டியவர்கள். அந்தக் கை உயர்ந்ததும் அவர்களுக்குக் கால் தானாகவே நின்றது. எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள். இலையைப் பார்க்க ஆள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஓரத்தில் இருந்தவருக்கு வடையாக வந்து குவிந்தது. சோறு வரவில்லை. இன்னொருவர் பாயசத்தில் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார். வாய் பேசக் கூடாது என்பதால் பிசைந்துகொண்டே கண்ணால் கெஞ்சினார். செண்பகவல்லியின் இலையில் அப்பளம் மட்டும் அடுக்கடுக்காக உயர்ந்தது. அந்த அம்மாள் அதை நிமிர்ந்து பார்த்தார், கணவரையும் பார்த்தார். வீட்டில் பார்க்கும் அதே பார்வை.

மோர் வாளியும் பாயச வாளியும் எதிரெதிரே வந்தன. ஏட்டையாவுக்கு நெஞ்சு கரித்தது. பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடிப்பதற்காக ஒரு கையைக் கீழே இறக்கினார். அந்த நேரம் பார்த்து இரண்டு வாளியும் முட்டிக்கொண்டன.

ஏட்டையா விசிலை எடுத்து ஊதினார்.

பந்தி மொத்தமும் விக்கித்துப் போய்ப் பார்த்தது. அந்த மடத்தில் குருபூசைப் பந்தியில் ஒரு சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. விசில் ஊதுவது பேச்சில் சேராது என்று ஏட்டையா நினைத்திருக்க வேண்டும். இப்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சாமி எழுந்து வந்தார். கோபம் ஒன்றும் இல்லை. ஏட்டையாவின் தோளைத் தொட்டு, ஆண்கள் வரிசையில் காலியாக இருந்த ஓர் இலையைக் காட்டினார். ஏட்டையா உட்கார்ந்தார். சாமி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

நடுவில் இப்போது ஒருவரும் இல்லை. பரிமாறுகிறவர்கள் ஒரு நிமிஷம் முழித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒருவர் குனிந்து இலையைப் பார்த்தார். இன்னொருவரும் பார்த்தார். வடை மலைக்குச் சோறு வந்தது. பாயசக்காரருக்குப் புது இலை வந்தது. பந்தி தானாக நேரானது.

ஏட்டையாவின் இலையில் சோறு விழுந்தது. ஆவுடையப்பன் ரச வாளியோடு வந்து, ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்ந்தார். ஏட்டையா பிசையப் போனார்.

சாமி தோளில் கிடந்த காவித் துண்டை எடுத்தார். ஏட்டையாவின் வேட்டி மடிப்பில் புடைத்துக்கொண்டிருந்த மருந்துப் பாட்டிலை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு துண்டை அந்தச் சோற்றின் மேல் வைத்து அழுத்தி, ரசம் முழுவதையும் ஒற்றி எடுத்து, பக்கத்தில் இருந்த செம்பில் பிழிந்தார்.

ஏட்டையா வாயைப் பிளந்தார். பேச முடியாது. விசில் விவகாரமே இன்னும் ஆறவில்லை.

ஆவுடையப்பன் திரும்பி வந்தார். இலையைப் பார்த்தார். சோறு காய்ந்திருந்தது. இன்னொரு கரண்டி ஊற்றினார்.

சாமி மறுபடியும் ஒற்றினார், பிழிந்தார்.

ஆவுடையப்பன் வந்தார். காய்ந்த சோற்றைப் பார்த்தார். பாவம், இந்த மனுஷனுக்கு ரசத்தில் இவ்வளவு ஆசையா என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. இரண்டு கரண்டியாக ஊற்றினார்.

சாமி ஒற்றினார். செம்பு நிறைந்து வழிந்தது.

அடுத்த நடைக்கு ஆவுடையப்பன் கரண்டியை வைத்துவிட்டு வாளியோடு சாய்த்தார். ரசம் இலைத் தண்டோரமாக ஓடி, இலையைத் தாண்டி, ஏட்டையாவின் தொடையை நனைத்து, பக்கத்து ஆளின் பாயசத்தை நோக்கிப் புறப்பட்டது. அதை நிறுத்த ஏட்டையாவின் கை உயர்ந்தது. உயர்ந்த கையை சாமி பார்த்தார். கை காட்டக் கூடாது. கை இறங்கியது. எதிர் வரிசையில் செண்பகவல்லி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அப்பள அடுக்குக்குப் பின்னால் அவர் தோள் குலுங்கியது.

சாமி மறுபடியும் துண்டை எடுத்தார்.

ஏட்டையா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் எத்தனையோ வண்டியை நிறுத்திய கை. இப்போது ஒரு துண்டை நிறுத்தியது. சாமி இழுக்கவில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரசம் சோற்றைச் சுற்றித் தேங்கி நின்றது. மிளகு மேலே மிதந்தது.

ஆவுடையப்பன் புது வாளியோடு வந்தார். குனிந்தார். இலையைப் பார்த்தார். அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

ஏட்டையா இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பின்னாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். யாரும் கை காட்டியிருக்கவில்லை.

பந்தி முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். கை கழுவும் இடத்தில் பேச்சு ஆரம்பித்தது. விசிலைப் பற்றித்தான். ஏட்டையா மட்டும் இலைக்கு முன்னால் அப்படியே இருந்தார். ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லை. சாமியும் எழவில்லை. செண்பகவல்லி கை கழுவிவிட்டு வந்து, காலிப் பையோடு பக்கத்தில் நின்றார்.

"சொல்லுங்க ஏட்டையா. ஆவுடையப்பனுக்குப் போதும்னு சொன்னது யாரு?" என்றார் சாமி.

ஏட்டையா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாரும் சொல்லல சாமி. ரசம் நின்னுச்சு. பாத்தாரு. போயிட்டாரு."

சாமி தலையாட்டினார்.

செண்பகவல்லியின் முகம் சுருங்கியது. "விடை சரியா சாமி? அப்ப தீட்சை குடுத்து இங்கயே வச்சுக்கிடுவீங்களா?"

"எங்க இருக்கணும்னு அவரைத்தான் கேக்கணும்மா."

விடை சரியாக இருந்தும் ஏட்டையாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. கண் கலங்கியது. மிளகுக் காரம் என்று சொல்லலாம் என்றால், இன்னும் அவர் சாப்பிடவே இல்லை.

"நாலுமுக்குலயும் இப்படித்தான் சாமி" என்றார். "நான் ரிட்டையர் ஆனதும் அங்க தானா எரியுற சிக்னல் விளக்கை வச்சாங்க. நான் இல்லாம அந்த இடம் நாறிப் போகும்னு நினைச்சேன். ஒரு நாள் போய் ஓரமா நின்னு பாத்தேன். சிவப்புக்கு நிக்காங்க, பச்சைக்குப் போறாங்க. ஹாரன் சத்தம்கூட இல்ல. என் குடையை எடுத்துட்டு அந்த இடத்துல பூச்செடி வச்சிருக்காங்க. பாத்துட்டு வீட்டுக்கு வந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் ஆரம்பிச்சதுதான் இந்த எரிச்சல்."

செண்பகவல்லி இதைக் கேட்டதே இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சந்திப்பு தானா நடக்குது. பந்தி தானா நடக்குது. என் வயித்துக்குள்ள நடக்குறதுக்குக்கூட என்னைக் கேக்கல. எல்லாம் தானா நடக்கும்னா, நடுவுல நான் எதுக்கு சாமி?"

சாமி செண்பகவல்லி பக்கம் திரும்பினார்.

"வீட்டுல சமையல் எல்லாம் எப்படிம்மா போகுது?"

"நல்லாத்தான் போகுது சாமி. யாரும் குறுக்க நிக்கல." அந்த அம்மாள் கணவரின் இலையைப் பார்த்தார். "ஆனா ஒருத்திக்கு மட்டும் அளவா ஆக்க எனக்கு இன்னும் வரல. அரிசியைக் குறைச்சுத்தான் போடுதேன். தினமும் மீந்துதான் போகுது. ராத்திரி அதைத் தண்ணி ஊத்தி வச்சுட்டு, காலையில அதையே குடிச்சுட்டு, மத்தியானம் திரும்பவும் ரெண்டு பேருக்கு ஆக்கி வச்சிருதேன்."

ஏட்டையா மனைவியைப் பார்த்தார். வேட்டி மடிப்பிலிருந்து மருந்துப் பாட்டிலை எடுத்தார். அந்த அம்மாள் கையை நீட்டினார். பாட்டில் பைக்குள் போனது.

சாமி ஏட்டையாவின் இலையைக் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"ஆக்க ஆள் இருக்கு, ஊத்த ஆள் இருக்கு. சாப்பிடத்தான் ஆளைக் காணோம். சாப்பிடுங்க ஏட்டையா."